அழுகை நிற்கும் பெயர்

என் பிள்ளை அழக் கூடாது. அந்த அறுவடைக் காலம் முழுவதும் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கைக்குழந்தை அழாமல் வேறென்ன செய்யும், உட்கார்ந்து ஊர்க்கதையா பேசும்? சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

எங்கள் லுவோ ஜனத்தில் பிள்ளைக்கு இரண்டு பெயர். ஒன்று பிறந்த நேரத்தை வைத்து வருவது. சோளம் அறுக்கும் சமயத்தில் பிறந்ததால் என் மகள் அகேயோ. அது தானாக ஒட்டிக்கொள்ளும், யாரும் மெனக்கெட வேண்டாம். இன்னொன்று செத்தவர்களிடமிருந்து வருவது. பிள்ளை வீரிட்டு அழும்போது குடும்பத்தில் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். எந்தப் பெயரில் அழுகை நிற்கிறதோ, அவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார் என்று அர்த்தம். நான் பிறந்த கெம் என்கிற ஊரில் எனக்கு இப்படித்தான் என் அப்பாவுடைய அத்தையின் பெயர் வந்தது, அபுயா என்று. அவள் ஊரறிந்த வாயாடியாம். வாயை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் மண்ணுக்குள் படுத்திருக்கிறாள், நல்ல மனுஷி. எல்லா வீட்டிலும் அவ்வளவுதான் நடக்கும். பெயர் வரும், ஒரு கோழி அடித்துச் சாப்பிடுவார்கள், கதை முடிந்தது.

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பெயரோடு ஆளும் வந்துவிடுவார்.

ஓம்போகோ என்பவர் என் கணவன் ஒடேரோவின் தாத்தாவுக்குத் தாத்தா. ஏரிக்கரையில் இந்தக் கள்ளிவேலியை நட்டு முதல் குடிசை போட்டவர். அவர் சாகவேயில்லை என்பது இந்த வீட்டுப் பிடிவாதம். உடம்புதான் போகுமாம், அவர் இருப்பாராம். ஒரு உடம்பு தேய்ந்து போனால், அது விழுந்த நாளில் சூரியன் ஏரியில் இறங்குவதற்குள் அவர் இன்னொன்றில் உட்கார்ந்துவிட வேண்டும். தவறினால் அவர் வழி தெரியாமல் அலைவார், வேலிக்குள் இருக்கிற அத்தனை பேரும் உருகி உருகிச் சாவார்கள். இதைப் பயமுறுத்துவதற்காக யாரும் சொல்வதில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொல்வார்கள்.

கல்யாணமாகி வந்த அன்று என்னைப் பெரியவரிடம் கூட்டிப் போனார்கள். பல் போன கிழவரை எதிர்பார்த்துத் தலை குனிந்து போனேன். வேப்பமர நிழலில் ஒரு நாலுகால் மணை. அதன் மேல் என்னைவிட வயதில் சின்னவன் ஒருவன், அந்த வெயிலில் முழங்கால் வரை கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் மாட்டுவால் சாமரத்தோடு உட்கார்ந்திருந்தான். ஒடேரோவின் தம்பி. பெற்றவள் வைத்த பெயர் ஒபியேரோ. அந்தப் பெயரை யாரும் சொல்லக் கூடாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருங்க இது, நாடகத்துக்கு வேஷம் போட்டிருக்காரா?" என்று ஒடேரோவின் காதில் கேட்டேன்.

ஒடேரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கூடப் பிறந்த தம்பிக்கு முன்னால் கைகட்டி நின்று, "தாத்தா, இவதான் உங்க மருமக. கெம்காரி" என்றான்.

"புள்ளை குட்டியோட இருக்கட்டும்" என்றான் அந்தப் பையன். குரல் கரகரவென்று தொண்டைக்கு அடியிலிருந்து வந்தது.

பிறகு பழகிப்போனது. என்னத்துக்குத்தான் மனிதன் பழகவில்லை? மீன் சமைத்தால் தலை அவனுக்கு. அவன் சாப்பிட்டு முடிக்கிற வரை நான் அந்தப் பக்கம் போகக் கூடாது, மாமனார் முறை. அவன் பள்ளிக்கூடம் போனதில்லை. வேலியைத் தாண்டியதில்லை. கல்யாணம் கிடையாது, ஓம்போகோவுக்குத்தான் ஏற்கனவே நாலு பெண்டாட்டி இருந்து செத்துப் போயிருக்கிறார்களே! ஒடேரோ ஊரில் பைக் ஓட்டி ஆள் ஏற்றுகிறவன். காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் தம்பியிடம் வந்து உத்தரவு கேட்டுவிட்டுத்தான் உதைப்பான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போய் வாய் வலிக்கப் பாடுவோம். திரும்பி வந்து இவனிடம் தலை குனிவோம்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. என் மாமியார் போல ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை. கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், என் வாயே போதும். இவளோ நான் கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். இப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒருநாள் குடிசைக்குப் பின்னால் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைப் பிடித்துக்கொண்டு அவன் மெதுவாக வந்து சுவரோரம் நின்றான். அக்கம்பக்கம் பார்த்தான்.

"அண்ணி, நேத்து மேட்ச் என்னாச்சு?"

சாதாரணப் பையனுடைய குரல். "ரெண்டுக்கு ஒண்ணு. நம்ம ஆளுங்கதான்" என்றேன்.

"கடைசி கோல் யாரு போட்டா? ரேடியோ சத்தம் பாதியிலயே நின்னுடுச்சு."

சொல்வதற்குள் மாமியாரின் காலடி கேட்டது. அவன் முகம் கதவு சாத்தியது போல மூடிக்கொண்டது. "மருமகளே, உமியைக் காத்துல பறக்க விடாதே" என்றான், அந்தக் கரகரத்த குரலில். பிறகு இருமினான். இருமல் நிற்க வெகு நேரமானது.

அந்த இருமல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று நான்தான் கத்தினேன். பெரியவர் வேலி தாண்ட மாட்டார் என்றார்கள். ஒடேரோ மாத்திரை வாங்கி வந்தான், அது அந்த இருமலுக்கு எந்த மூலைக்கு? கோட்டு நாளுக்கு நாள் அவனுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது.

"உடம்பு பழசாயிடுச்சு" என்றாள் மாமியார், கிழிந்த சட்டையைப் பற்றிச் சொல்வது போல. எனக்கு அப்போது வயிறு நிறைமாதம். அவள் கண் என் வயிற்றின் மேல் இருந்தது. அடுத்த உடம்பு எது என்று அன்றைக்குத்தான் மண்டு எனக்கு உறைத்தது.

அகேயோ பிறந்தாள். பெண் பிள்ளையாயிற்றே, விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். "ஆணோ பொண்ணோ, அவருக்கு வீடு வீடுதான்" என்றாள் மாமியார். பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவ்வளவு ஆசையாகப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆசை பொய்யில்லை.

அன்றிலிருந்து தினமும் மாடு கறந்து முடித்ததும் சாயங்காலம் மாமியார் என் குடிசை வாசலில் பாய் போட்டு உட்காருவாள். பிள்ளை அழுதால் பெயர்களை ஆரம்பிப்பாள். முன்கூட்டியே பெயர் விழுந்துவிட்டால், பழைய உடம்பு விழும் நாளில் பெரியவர் தேடி அலைய வேண்டாமாம். அழாவிட்டால் பேசாமல் எழுந்து போவாள். கிள்ளி அழவைப்பது பாவமாம், பசிக்க விடுவது பாவமாம், தானாக அழ வேண்டுமாம். அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது பாருங்கள்.

நான் பிள்ளையை மாரிலிருந்து எடுக்கவே இல்லை. பசித்தாலும் பால், பசிக்காவிட்டாலும் பால். முனகினால் போதும், வாயில் திணித்துவிடுவேன். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. ஜுரம் வந்தது. சாயங்காலம் மட்டும்தானே என்று பகலில் அசந்தால் பகலிலேயே பாயோடு வந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே தூங்கினேன், தூங்கினபடியே ஆட்டினேன். என் பங்கு வேலையை எல்லாம் அவர்களே செய்தார்கள். ஏரியிலிருந்து தண்ணீர், விறகு, கூழ் காய்ச்சுவது, என் துணியைத் துவைப்பதுகூட.

"தூங்கும்மா. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. புள்ளையை நான் பாத்துக்கறேன்" என்பாள் மாமியார்.

"நீங்க பாத்துக்குவீங்க, அதான் பயமே" என்பேன்.

கோபப்பட மாட்டாள். "நீயும் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவே?" என்று தலையைத் தடவிவிட்டுப் போவாள். அந்தக் கை எனக்கு இதமாக இருந்தது, அதுதான் வெட்கக்கேடு.

ஒடேரோவிடம் கெஞ்சினேன். "என்னைக் கெம்முல கொண்டுபோய் விடு. உன் காலைப் பிடிக்கிறேன்."

"பேர் விழாத புள்ளை வேலி தாண்டினா சிரா தோஷம் புடிச்சுக்கும். என்னென்னு தெரியாம இளைச்சுப் போயிடும். உனக்குத் தெரியாதா?"

"உன் தம்பி இப்ப என்ன கொழுத்தா போயிருக்கான்?"

அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அவன் என் தம்பி இல்ல" என்றான். சொல்லும்போது அவன் கழுத்து நரம்பு புடைத்தது. பாவம் என்று நினைக்கக்கூட எனக்கு அப்போது தெம்பில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். பெயரில்லாத பிள்ளையோடு எங்கள் வாசலை மிதிக்காதே, இங்கே உன் தங்கையும் கைக்குழந்தைக்காரியாக இருக்கிறாள் என்றாள். போனை வைத்துவிட்டு நானும் பிள்ளையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சிராவை நான் நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கெம்மில் பிறந்தவள்தானே நானும்.

ஒடேரோவின் தம்பி செத்தது ஒரு காலைப் பொழுதில். கூழ் கொண்டுபோன மாமியார் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். "உடம்பு விழுந்துடுச்சு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் ஓலம் அடுத்த ஊருக்குக் கேட்கும். பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடுவார்கள், மாடுகளை விரட்டுவார்கள், தகரத்தைத் தட்டுவார்கள். இங்கே ஒரு சத்தமில்லை. ஓம்போகோ சாகவில்லையே, யாருக்காக அழுவது? மாமியார் கோட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டாள். ஒடேரோ மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் குழி வெட்டினான். பெற்றவளும் கூடப் பிறந்தவனும் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. மதியம் தாண்டியதும் மாமியார் மணையையும் சாமரத்தையும் கொண்டுவந்து என் குடிசை வாசலில் போட்டுவிட்டு, பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள். வெயில் ஏரிப்பக்கம் சாய ஆரம்பித்திருந்தது.

"இன்னிக்கு விட்டுடு கெம்காரி. இனிமே நேரமில்ல" என்றாள்.

"மாட்டேன்."

"நானும் முழிச்சுத்தான் இருந்தேன்." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவன் பொறந்தப்போ. ஒரு பயலும் நம்ப மாட்டான். மாரை விட்டு எடுக்கல. ஒரே ஒருநாள் சாயங்காலம் கண்ணு அசந்துட்டேன். எந்திரிக்கும்போது எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க. நீ என்னைவிட அதிகமாவே தாங்கிட்டே."

அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். ஆத்திரம் வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து தொழுவத்துக்குப் பின்னால் போனேன். ஒரு பழைய பாயில் அவனைச் சுருட்டி வைத்திருந்தார்கள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. எங்கும் நடந்து போகாத கால், உள்ளங்கால் குழந்தையுடையதைப் போல வழவழவென்று இருந்தது. கடைசி கோல் யார் போட்டது என்று நான் அவனுக்குச் சொல்லவேயில்லை.

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "ஒபியேரோ! அட என் ராசா ஒபியேரோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டேன். அவன் பெயரை அந்த வேலிக்குள் சத்தமாகச் சொன்னது நான் ஒருத்திதான். இத்தனை நாள் தூங்காததும் அதில் சேர்ந்துகொண்டது. அழுதுகொண்டே வாசலுக்கு வந்து மண்ணில் விழுந்தேன். என் சத்தத்தில் பிள்ளை விழித்து வீரிட்டது. மார் கொடுக்கப் பார்த்தேன், பிள்ளை வாயில் பிடிக்கவில்லை.

மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"நியாங்வேசோவா? நீதானா?"

நானும் அழுதேன், பிள்ளையும் அழுதது.

"மிகோட்டா? ஏரியில போன மிகோட்டா?"

என் மாரிலிருந்து பால் வழிந்து பிள்ளையின் கன்னத்தில் ஓடியது. அதன் வாய் தேட ஆரம்பித்தது. தேடுகிற பிள்ளை எந்த நொடியும் கவ்விக்கொள்ளும், கவ்வினால் அழுகை நின்றுவிடும். எனக்கு அது தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஒடேரோ மண்வெட்டியோடு வந்து நின்றான். நான் பிள்ளையை மாரிலிருந்து விலக்கி மடியில் கிடத்தினேன். அத்தனை நாளில் முதல் தடவையாக என் பிள்ளையை நானே அழவிட்டேன். அது நீலம் பூத்து அலறியது.

"ஓம்போகோவா? பெரியவரே, வந்துட்டீங்களா?"

நான் என் அழுகையை நிறுத்தினேன்.

பிள்ளை மட்டும் அழுதுகொண்டிருந்தது. மாமியார் அடுத்த பெயருக்குத் திறந்த வாயை மூடாமல் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைப் பாயில் வைத்தேன். எழுந்தேன். மணையில் உட்கார்ந்தேன்.

"என் கோட்டு எங்கே?" என்றேன்.

வேண்டுமென்றுதான் குரலைத் தடிக்க வைத்தேன். ஆனால் நான் நினைத்ததற்கும் கீழே, தொண்டைக்கு அடியிலிருந்து அது வந்தது.

"அம்மா, அவ சும்மா... புள்ளைக்குத்தானே பேரு" என்றான் ஒடேரோ.

மாமியார் சூரியனைப் பார்த்தாள். அது தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. "அழுகை நின்னுச்சு. யாரு அழுகைன்னு யாரு கேட்டா?" என்றாள். ஓடிப் போய்க் கொடியிலிருந்து கோட்டை எடுத்து வந்தாள். தோளில் போட்டாள், இன்னும் ஈரமாக இருந்தது. என் காலடியில் மண்ணில் உட்கார்ந்தாள்.

அவர்கள் செய்த தப்பு அதுதான். அவசரத்தில் யாரிடம் அந்த வாயைக் கொடுக்கிறோம் என்று யோசிக்கவில்லை. பெரியவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. அதைப் பால்குடிக்கும் பிள்ளையிடமே கொடுத்துக் கொடுத்து அவர்களுக்குப் பழக்கம்.

"டேய் ஒடேரோ" என்றேன். என் புருஷனை டேய் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. "இந்தப் புள்ளைக்குப் பேரு அகேயோ. நான் வெச்சிட்டேன், இனி சிரா தொடாது. அவளுக்கு வேற பேரு கெடையாது, இனிமே யாரும் சொல்லிப் பாக்கவும் கூடாது. வண்டியை எடு. கெம்முல அவ பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோ. அங்க அவ சித்தி பால் குடுப்பா. நீயும் அங்கயே இரு. ரெண்டு பேரு காலும் இந்த வேலிக்குள்ள படக் கூடாது."

"இப்பவேவா, தாத்தா?"

"சூரியன் எறங்கறதுக்குள்ள."

அவன் பிள்ளையைத் தூக்கினான். மாமியாரின் இடுப்புத்துணி ஒன்றால் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். என் முன்னால் வந்து குனிந்தான். "அபுயா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "வா, மூணு பேரும் போயிடலாம்."

அடப்பாவி, இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? கால் தன்னாலே எழுந்திருக்கப் பார்த்தது. எழுந்தால் நான் வெறும் கெம்காரி, சொன்னது எல்லாம் செல்லாது, பெயர் மறுபடி பிள்ளையின் தலையில் வந்து உட்காரும். நான் சாமரத்தை எடுத்து ஈ விரட்டினேன். "யாருடா அவ?" என்றேன்.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பைக் கிளம்பியது. பிள்ளை அழுதுகொண்டே போனது. வேலியைத் தாண்டி, மீன் காயப்போடும் மேட்டைத் தாண்டி, தார் ரோட்டில் ஏறும் வரை கேட்டது. கோட்டின் முன்பக்கம் இரண்டு பக்கமும் பாலில் நனைந்தது. மாமியார் பார்த்தாள். துணி கொண்டுவந்து ஒற்றிவிட்டாள். பெரியவருக்கு ஏது பால்?

இருட்டுவதற்கு முன்னால் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிடவில்லை. இனி யார் அழுதால் என்ன, இன்றைக்காவது தூங்கலாம் என்று கண் சொருகிக்கொண்டு வந்தது.

"நல்லாத்தான் பண்ணினீங்க, பெரியவரே" என்றாள். எள்ளல் இல்லை, பழைய அதே பொறுமை. "அந்தப் புள்ளை அங்க நல்லா வளரட்டும். பால் குடிச்சு, பள்ளிக்கூடம் போயி, கல்யாணம் காட்சின்னு இருக்கட்டும். இந்த உடம்பு பழசாகுறப்போ நீங்களே ஆள் விட்டுக் கூப்பிட்டுக்குவீங்க."

"நான் கூப்பிட மாட்டேன்."

"நீங்க எப்பவும் உங்க ஜனத்தைக் கூப்பிட்டுக்குவீங்க" என்றாள். "தூக்கத்துலதான் முதல்ல பேர் சொல்லுவீங்க. அப்புறம் முழிப்புலயும் வந்துடும். அவனும் அப்படித்தான், இந்த உடம்போட வயித்துல இருந்த பேரு வைக்காத புள்ளையைத் தூக்கத்துல கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். நான் பக்கத்துலதான் படுத்திருப்பேன், நீங்க சொன்னா கேட்டுக்கறேன்." என் மணைக்குப் பக்கத்தில் பாயை உதறி விரித்தாள். "படுங்க, பெரியவரே. ரொம்ப நாளா நீங்க தூங்கவே இல்ல."

நான் சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டேன், வலித்தால் கண் மூடாது. பிள்ளைக்காக முழித்திருந்தது போய் இனிமேல் இந்த வாய்க்காக முழித்திருக்க வேண்டும்.